மலைநாட்டுக்கு ஏற்ற கிற்றார்

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்திலே ஓர் அரிய காட்சி உளது. யாழிசையில் தன்னை வெல்பவனையே மணப்பதாகக் கூறிய தத்தையின் அரங்கிற் புகுந்த சீவகன், தன்முன் கொணர்ந்து வைத்த யாழை எடுத்தவுடனே மீட்டத் தொடங்கினானல்லன். ஒவ்வொன்றாக நோக்கி, ஒன்று நீரிலே கிடந்து நெகிழ்ந்த மரத்தாலாயது என்றும், ஒன்று வாளால் வெட்டுண்ட மரத்தது என்றும், ஒன்று இடி விழுந்த மரத்தது என்றும் குற்றங் கூறி விலக்குகின்றான். அரங்கில் இருந்தோர் இசையைக் கேட்குமுன் மரத்தைப் பற்றிய பாடம் ஒன்றைக் கேட்கின்றனர். மரத்தின் குற்றமே இசையின் குற்றமாய் முடியும் என்பது திருத்தக்கதேவர் காலத்து இசைவாணர் நன்கறிந்த செய்தியாதல் வேண்டும். வழக்கொழிந்த யாழ்க் கருவிகளைச் சுவாமி விபுலானந்தர் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழ் மறைந்தது; ஆயினும், நரம்புக் கருவி வாங்குவோன் செய்யவேண்டிய சோதனை இன்றும் சீவகன் செய்த சோதனையே.

இன்று மஸ்கெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களில் இளைஞர் பெரிதும் விரும்பும் நரம்புக் கருவி கிற்றார் ஆகும். கோயில் விழா, திருமண வீடு, பாடசாலைக் கலைவிழா ஆகிய எங்கும் அதற்கு இடமுண்டு. அதனை வாங்க ஹற்றனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ செல்பவன் பெரும்பாலும் பளபளப்பையும், தலைப்பகுதியிற் பொறித்த பெயரையும், விலைச்சீட்டையும் நோக்கித் தெரிந்துகொண்டு மீள்கின்றான். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அடிப்படைக் கூலி 1350 ரூபாவாயிற்று. மலையேறிக் கொழுந்து பறித்த பல நாள் உழைப்பே ஒரு கிற்றாராக வீடு வந்து சேருகின்றது. அது ஒரு மழைக்காலத்துக்குள் கழுத்து வளைந்து, முகப்பலகை புடைத்து, எந்தச் சுருதியிலும் நில்லாத பொருளாய்ச் சுவரில் தொங்குமாயின், இழப்பு கருவியோடு மட்டும் நிற்பதன்று. தனக்கு இசை வராது என்று அவ்விளைஞன் எண்ணிவிடுகின்றான். கருவியின் குற்றத்தைத் தன் குற்றமாகக் கொண்டு இசையைக் கைவிட்டோர் பலர்.

மஸ்கெலியாவிற் கிற்றார் வாங்குவோன் முதலில் அறியவேண்டியது காற்றின் ஈரம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், தென்மேற்குப் பருவமழையை நேரே எதிர்கொள்ளும் சரிவில் அமைந்தது அவ்வூர். வைகாசி முதல் புரட்டாதி வரை அங்கே துணி உலராது, உப்பு நீர்க்கும், தீப்பெட்டி பற்றாது. பழைய மஸ்கெலியா நகரமோ 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுள் அமிழ்ந்துபோயிற்று. நீர் வற்றுங் காலத்தில் அதன் கோயிற் சுவர்கள் இன்றும் வெளித்தோன்றும். நீர் என்ன செய்யும் என்பதை அவ்வூர் மக்களுக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்படிப்பவர் இடையிடையே தப்பைத் தீயில் வாட்டுவதைத் தோட்டத்துச் சிறுவரும் கண்டிருப்பர். பனியீரம் ஏறியதும் தோல் தளர்ந்து ஒலி மழுங்குகின்றது. வெம்மை பட்டதும் இறுகிக் கணீரெனப் பேசுகின்றது. தோலைப் போன்றே மரமும் நீரை உறிஞ்சுவது, விடுவது. ஆயின், தோலிற் சில நிமிடங்களில் நிகழ்வது மரத்திற் சில வாரங்களில் நிகழ்கின்றது. ஆதலின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கிற்றாரைத் தப்பைப்போல் அடுப்பருகே வாட்டலாமோ எனின், அது கருவியைக் கொல்வதற்கு ஒப்பாகும். பசை இளகும், பலகை வெடிக்கும்.

மரத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள கணக்கு எளியது. காற்றின் ஈரப்பதன் 50 சதவீதமாக இருக்குமிடத்து மரம் தன் உலர்நிறையில் ஏறத்தாழ 9 சதவீத நீரைத் தன்னகத்தே வைத்திருக்கும். ஈரப்பதன் 80 சதவீதமாயின் அந்நீர் ஏறத்தாழ 16 சதவீதமாகும். நல்ல கிற்றார்த் தொழிலகங்களில் மரத்தை உலர்த்தி, 45 முதல் 50 சதவீத ஈரப்பதனுள்ள அறையில் வைத்தே பலகைகளை ஒட்டுகின்றனர். அங்ஙனம் ஒட்டிய கருவி குளிரூட்டிய கடையிலிருந்து பருவமழைக் காலத்து மஸ்கெலியாவுக்கு வருமாயின், மரம் நீரைக் குடித்துப் பருக்கத் தொடங்குகின்றது. நார் ஓடும் திசையில் மரம் ஏறக்குறைய நீளுவதேயில்லை. குறுக்குத் திசையிலேயே விரியும். பெரிய கிற்றாரின் முகப்பலகை அகன்ற இடத்தில் 400 மில்லிமீற்றர் அளவினது. அது தடையின்றி விரியக்கூடுமாயின் 3 அல்லது 4 மில்லிமீற்றர் அகலும். ஆனாற் பக்கப்பலகைகள் அதனை இறுகப் பிடித்திருக்கின்றன. பக்கவாட்டிற் செல்ல வழியில்லாத பலகை மேனோக்கிப் புடைக்கின்றது. புடைக்குமிடத்து அதன்மேல் ஒட்டியுள்ள குதிரையும் உயர்கின்றது. குதிரையோடு தந்திகளும் விரற்பலகையை விட்டு உயர்கின்றன. கடையில் மென்மையாக அழுந்திய தந்தி ஆனி மாதத்தில் விரலை அறுப்பதன் காரணம் இதுவே. உயர்ந்த தந்தியை அழுத்தும்போது அது மிகுதியாக இழுபடுவதால் சுரமும் சற்று ஏறியே ஒலிக்கும். பூச்சு இம்மாற்றத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது.

தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரிவோர்க்கு இக்கணக்குப் புதிதன்று. கொழுந்தை வாட்டும் மாடியிலே ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் தொங்குகின்றன. அவை காட்டும் வேற்றுமையைக் கொண்டே காற்று எத்துணை நீரை ஏற்கும் என்று தீர்மானிக்கின்றனர். இலைக்குக் காட்டும் அக்கவனத்திற் சிறு பகுதியைக் கிற்றாருக்குக் காட்டுதல் போதும்.

இனி, பலகையின் தெரிவு. கிற்றாரின் ஒலியைப் பெரும்பாலும் ஆக்குவது முகப்பலகையே. இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ டி தோரெஸ். 1817 முதல் 1892 வரை வாழ்ந்த அவரே இன்றைய நைலோன் தந்திக் கிற்றாரின் அமைப்பை வகுத்தவர் எனலாம். அவர் 1862ஆம் ஆண்டில் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையாற் செய்து, முகத்துக்கு மட்டும் நல்ல மரப்பலகை இட்டு ஒரு கிற்றாரை அமைத்தார். அக்கருவி இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் உளது. முகம் நன்றாயின் கருவி பேசும் என்பதே அவர் காட்டிய உண்மை.

விலை குறைந்த கிற்றார்களில் முகம், முதுகு, பக்கம் ஆகிய மூன்றும் ஒட்டுப்பலகையாலாயவை. இடைத்தரமானவற்றில் முகம் மட்டும் தனிப்பலகையாயிருக்கும். முகத்துக்குப் பெரும்பாலும் ஸ்புரூஸ் அல்லது சீடர் மரம் பயன்படும். உயர்ந்தவற்றில் யாவும் தனிப்பலகையே; அவற்றின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் தென்னிந்திய மேற்கு மலைத்தொடரில் வளரும் ஈட்டிமரம் 1960களின் இறுதி முதல் மேனாட்டுத் தொழிலகங்களிற் பெருவழக்காயிற்று. ஒலித்துளையின் விளிம்பை உற்றுநோக்கின் இவ்வேறுபாடு விளங்கும். மேற்புறத்து நார்க்கோடு விளிம்பில் இறங்கி உட்புறம் வரை தொடருமாயின் அது தனிப்பலகை. அப்பம்போல் அடுக்கடுக்காகத் தோன்றின் ஒட்டுப்பலகை.

விலை மிக்கதே மேலானது என்று கொள்வது மஸ்கெலியாவிற் பிழையாகும். நாரைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி ஒட்டிய பலகை ஈரத்துக்கு எளிதில் வளைந்து கொடாது. ஒலி சற்று மங்கினும் உருவம் நிலைக்கும். ஈரத்தை அடக்கும் வசதியற்ற வீட்டில் முழுவதும் தனிப்பலகையாலாய கருவி, மழைநாளில் வெளியே நிறுத்திய புதுத் தேர் போன்றது. முகம் தனிப்பலகையும் ஏனையவை ஒட்டுப்பலகையுமாக அமைந்ததே அவ்வூருக்கு இசைந்தது. கையிற் பொருள் அதற்கும் போதாதாயின், ஒட்டுப்பலகை முகமுள்ள கருவியாயினும் கழுத்துச் செவ்வையானது தெரிந்து வாங்குதல் நன்று. கரியிழையாற் செய்த கிற்றார்களும் இக்காலத்தில் உள. ஈரம் அவற்றை அணுகாது. அவற்றின் விலை எளியோரை அணுகவிடாது.

கழுத்தின் செம்மையே உண்மையில் யாவற்றிலும் தலையாயது. வீணையோடு ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுக்கள் தேன்மெழுகுங் கரியுங் கலந்த கலவையிற் பதிக்கப்பட்டிருக்கின்றன. காலப்போக்கிற் சுரம் பிசகினால், மேளங்கட்டத் தெரிந்தவர் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திச் சரிசெய்துவிடுவார். கிற்றாரிலோ மெட்டு ஒவ்வொன்றும் விரற்பலகையில் அறுத்த பள்ளத்துள் அறையப்பட்டது. அறுத்தவன் பிழைத்தால் அப்பிழை கருவியின் ஆயுள் முழுதும் நிற்கும்.

அறுக்கும் அளவு கணிதத்தாற் பெறப்படுவது. மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 650 மில்லிமீற்றராயின், அதனை 17.817 ஆல் வகுக்க 36.5 மில்லிமீற்றர் கிடைக்கும். அதுவே முதல் மெட்டின் இடம். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுக்க இரண்டாம் மெட்டின் இடைவெளி 34.4 எனப் பெறப்படும். இவ்வாறே செல்லப் பன்னிரண்டாம் மெட்டுச் சரியாக நடுவில், 325 மில்லிமீற்றரில் விழும். இசைக்கலைஞர் வின்சென்சோ கலிலி 1581ஆம் ஆண்டிலேயே 17.817 என்பதற்கு அண்ணளவாக 18 என்னும் எண்ணைக் கூறியிருந்தார். வானியலறிஞர் கலிலியோவின் தந்தை அவர்.

வாங்குவோன் அளவுகோல் கொண்டு செல்ல வேண்டுவதில்லை. தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே விரல் நுனியால் அழுத்தாது தொட்டு மீட்டின், மணியொலி போன்ற மேற்ஸ்தாயிச் சுரம் எழும். பின் அதே இடத்தில் அழுத்தி மீட்டல் வேண்டும். இரண்டும் ஒன்றாயின் கருவி செவ்வையானது. அழுத்திய சுரம் ஏறி ஒலிப்பின், தந்தி மிக உயர்ந்துளது அல்லது குதிரை முன்னே வந்துவிட்டது என்று அறியலாம். செவிக்கு ஐயமாயின், கைத்தொலைபேசியில் இயங்கும் சுருதிமானி ஐயந் தீர்க்கும். ஆறு தந்திகளிலும் இச்சோதனை செய்யத்தக்கது. கடைக்காரர் முகஞ் சுளிப்பின் அதனைப் பொருட்படுத்துதல் வேண்டா.

அடுத்து, கிற்றாரைத் துப்பாக்கிபோல் ஏந்தித் தலைப்பக்கத்திலிருந்து குதிரையை நோக்கி ஒரு கண்ணாற் பார்த்தல் வேண்டும். விரற்பலகையின் இரு ஓரங்களும் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா, ஒருபுறம் முறுக்கிக்கொண்டு போகின்றதா என்பது உடனே புலப்படும். முறுக்கிய கழுத்துக்கு மருந்தில்லை. முன்னோக்கிச் சற்றே வளைந்ததாயின், உருக்குத் தந்திக் கிற்றாரின் கழுத்தினுள் ஓடும் தண்டைத் திருகிச் சீர்செய்யலாம். தாழ்ந்த சுரத் தந்தியை முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் ஒருங்கே அழுத்தினால், நடுவில் தடித்த காகிதம் ஒன்று நுழையும் இடைவெளி இருத்தல் முறை. பன்னிரண்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே உருக்குத் தந்திக் கிற்றாரில் 2 முதல் 2.5 மில்லிமீற்றரும், நைலோன் தந்திக் கிற்றாரில் 3 முதல் 4 மில்லிமீற்றரும் இருப்பது வழக்கம். பின்னர் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, எங்கேனும் வண்டு முரல்வது போன்ற அதிர்வு கேட்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இச்சோதனை முழுதும் கால் மணி நேரத்தில் முடியும்.

நைலோனா உருக்கா என்னும் வினா அடிக்கடி எழுவது. சினிமாப் பாடலுக்குப் பக்கவாத்தியமாக மீட்ட விரும்புவோர் உருக்கின் ஒலியையே நாடுவர், அதில் தவறில்லை. ஆனால் உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் இழுப்பைக் கழுத்தின்மேலும் முகப்பலகையின்மேலும் சுமத்துகின்றன. நைலோன் தந்திகளின் இழுப்பு 40 கிலோகிராம் அளவினதே. ஈரத்தில் உருக்குத் துருப்பிடிக்கும், நைலோன் பிடிக்காது. புதிதாகப் பயில்வோரின் விரலுக்கும் நைலோன் இரக்கமுடையது. ஈரம் மிக்க நாட்டிற் பயிலத் தொடங்குவோர்க்கு நைலோனே ஏற்றது என்று துணிந்து கூறலாம். ஒன்று மட்டும் மறத்தலாகாது: நைலோனுக்கென அமைந்த கிற்றாரில் உருக்குத் தந்தி பூட்டுதல் பெருந்தீங்கு. இருவகையும் தோற்றத்தில் ஒத்திருப்பதால் இப்பிழை நிகழ்கின்றது. சில மாதங்களிற் குதிரை முகப்பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். மேருவின் அகலம் 52 மில்லிமீற்றர் அளவினதாயின் நைலோனுக்குரியது, 43 அளவினதாயின் உருக்குக்குரியது என்பது ஓர் எளிய அடையாளம்.

பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவோர் சீவகனை மீண்டும் நினைத்தல் நன்று. குதிரைக்கும் முகப்பலகைக்கும் இடையே மெல்லிய காகிதம் நுழைகின்றதா என்று பார்த்தல் வேண்டும். நுழையின் பசை விட்டுவிட்டது. முதுகை விரற்கணுவால் மெல்லத் தட்டினால் உள்ளே தளர்ந்த சட்டம் கலகலக்கும். துளையினுள்ளே மாவுபோன்ற தூள் சிந்திக் கிடப்பின் அது உளுத்த மரம். எத்துணை மலிவாயினும் கைவிடத்தக்கது. படத்தைப் பார்த்து இணையவழி வாங்குவோர்க்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லாதவிடத்து அம்முறையைத் தவிர்த்தலே அறிவுடைமை.

கருவி வீடு வந்தபின் அதனை எங்கே வைப்பது என்பதும் தெரிவின் ஒரு பகுதியே. லயம் என்ற சொல் இசைநூலில் ஒரு பொருளும் தோட்டத்தில் வேறொரு பொருளும் தருவது. பத்தடிக் காம்பராவும் இஸ்தோப்பும் அடுப்பும் தகரக்கூரையுங் கொண்ட லயத்திலே கிற்றாருக்கு இடம் காண்பது எளிதன்று. அடுப்புச் சுவரும், வெளிச்சுவரும், கூரையை ஒட்டிய இடமும் ஆகா. அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரின் அருகே, மூடிய பெட்டியினுள், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகள் சிலவற்றுடன் வைப்பதே தக்கது. அப்பொதிகள் காலணிப் பெட்டிகளிலும் மின்பொருட் பெட்டிகளிலும் இலவசமாய் வருபவை, வீசியெறியாது சேர்த்துவைக்கலாம். பெட்டி தைக்கப்பட்ட துணியுறையாயின் பயன் குறைவு. பலகைப் பெட்டிக்குச் சிறிது கூடுதலாகச் செலவிடுதல் வீணன்று.

தை, மாசி மாதங்களில் வாங்கும் கருவி அக்காலத்து வறண்ட காற்றிற்கேற்பத் தந்தி தாழ்ந்திருக்கும், ஆடியில் உயரும். ஆடியில் உயர்ந்ததென்று குதிரையின்மேல் தந்தியைத் தாங்கும் வெண்கட்டையை அராவிக் குறைத்தால், மீண்டும் தை வரும்போது தந்தி மெட்டிற் பட்டு இரையும். ஆதலின் வாங்கும்போதே கடைக்காரரிடம் அவ்வளவினதான இன்னொரு வெண்கட்டையையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஒன்றை மழைக்காலத்துக்கென ஒரு மில்லிமீற்றர் அளவு குறைத்து வைத்துக்கொண்டு, மற்றையதை உள்ளவாறே விட்டு, பருவம் மாறுந்தோறும் தந்தியைத் தளர்த்தி மாற்றிப் பொருத்தலாம். வெண்கட்டை பள்ளத்திற் செருகப்பட்டதேயன்றி ஒட்டப்பட்டதன்று. பயில்பவனே பத்து நிமிடத்தில் மாற்றிவிடக்கூடும். எதற்குரியது எது என்று அடியிற் பென்சிலாற் குறித்து, பெட்டியினுள்ளேயே அதனை வைத்திருத்தல் நலம்.